முதுகு காட்டிய கோழி

என் கதையில் கோழியே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுமி உண்டு, ஒரு ஆடு உண்டு, ஒரு டவுன் பஸ் உண்டு. கோழி என்ற சொல்லை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை, கீரமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் என் மானத்தை வாங்கியது ஒரு கோழிதான்.

என் பெயர் பிரகதீஸ்வரி. புதுக்கோட்டையில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் வேலை. மீதி நேரத்தில் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறேன். இரண்டு புத்தகங்கள் வந்திருக்கின்றன. வாங்கத்தான் ஆளில்லை. பதிப்பாளர் வெள்ளைச்சாமி அண்ணனின் கடை மாடியில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. போன முறை போனபோது அந்தக் கட்டுகளின் மேல் டேபிள் ஃபேனை வைத்திருந்தார். காற்று நன்றாகத்தான் வந்தது.

மூன்றாவதாக எழுதியதுதான் 'பூக்கூடையும் பொல்லாத ஆடும்'. செல்லி என்ற சிறுமி தோட்டத்தில் முல்லைப்பூ பறிக்கிறாள். பூக்கூடையோடு பஸ்ஸில் மார்க்கெட்டுக்குப் போகிறாள். கூடவே ஒரு பேசும் ஆடு ஏறிக்கொண்டு பூவையெல்லாம் தின்றுவிடுகிறது. கதை இவ்வளவுதான். பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம்.

"பிரகதி, இதுவும் மாடி ஏறுச்சுன்னா என்னால தாங்க முடியாதும்மா. அப்பறம் நீ வேற ஆளத்தான் பாக்கணும்" என்று வெள்ளைச்சாமி அண்ணன் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார், என்ன செய்ய? கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "போன ரெண்டையும் நம்ம ரெண்டு பேருமே படிச்சுக் கைதட்டிக்கிட்டோம். இத ஒரு தடவ பிள்ளைக கிட்ட வாசிச்சுக் காட்டிட்டு அனுப்பு. வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் சிவகாசி பிரஸ்ல வெயிட் பண்ணுவாங்க. நாலு தாண்டுச்சுன்னா மிஷின்ல காலண்டர ஏத்திருவாங்க. அப்பறம் புத்தகத் திருவிழாவுக்குப் புத்தகம் கெடையாது."

அப்படித்தான் நானும் படம் வரையும் பெலிக்ஸும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கோப்பு தயாராக இருந்தது. வாசித்துக் காட்டிவிட்டு, ஒரு தட்டு தட்டி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

பெலிக்ஸுக்குச் சொந்த ஊரே அந்தப் பக்கம்தான். முன்பு ஃபிளெக்ஸ் கடையில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் பேனர் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கையில் வித்தை இருக்கிறது என்று கண்டுபிடித்து இழுத்து வந்தவள் நான்தான். முதல் புத்தகத்தின்போது ஓயாமல் பேசுவான். இரண்டாவதில் மழையில் நடக்கும் ஒரு கழுதைக்குக் குடை வரைந்து அனுப்பினான். நான் போனைப் போட்டு இருபது நிமிடம் கத்தினேன். "எழுதுனது நானா நீயா? நான் எழுதுனதுல குடை எங்க இருக்கு?" அவன் குடையை எடுத்துவிட்டான். அதிலிருந்து எதைக் கேட்டாலும் "சரிக்கா" மட்டும்தான். பையன் பக்குவப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

எனக்குக் கோபம் வரும். வந்தால் கத்துவேன். கத்தி முடித்ததும் மறந்துவிடுவேன். மற்றவர்களும் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பள்ளியில் நூலகத்தைக் கவனிக்கும் பொன்னுத்தாய் டீச்சர் வாசலிலேயே நின்றார். "வாங்க வாங்க, இங்கிட்டு வாங்க. பிள்ளைக காலையில இருந்து ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்குதுக" என்று ஸ்மார்ட் போர்டு வைத்த வகுப்புக்கு அழைத்துப் போனார். ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

கதை எழுதுவது எப்படி என்று நான் ஆரம்பித்தேன். தொடக்கம், நடு, முடிவு, நீதி. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு. கால் மணி நேரத்தில் முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். அவன் பெயர் மலையாண்டி என்று பிறகு தெரிந்தது. கொட்டாவி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. கடைசியில் பொன்னுத்தாய் டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெலிக்ஸ் எழுந்து சாக்பீஸை எடுத்தான். கரும்பலகையில் வளைவாக ஒரு கோடு போட்டான். "இது என்னன்னு சொல்லுங்க."

"பாம்பு சார்!"

"வாய்க்கா!"

"ஹெச்.எம். சார் மீசை!" என்று மலையாண்டி கத்தினான்.

பெலிக்ஸ் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு மூக்கு வைத்தான், இரண்டு கண் வைத்தான். ஹெச்.எம்.மேதான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு யார் முகத்தையும் கொண்டு வரலாம், எங்கே அழுத்துவது எங்கே விடுவது என்று அவன் சொல்லச் சொல்ல, முப்பத்தெட்டு பேரும் நோட்டில் மீசை வரைந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

"சரி, சரி, இப்ப கதை" என்று நான் இடையில் புகுந்தேன். புத்தகத்தை ஸ்மார்ட் போர்டில் போட்டார்கள். என் கைக்கணினியில் உள்ளங்கை அளவில் பார்த்த படங்கள் சுவர் அளவுக்கு விரிந்தன. நானே அசந்துபோனேன்.

முதல் இரண்டு பக்கம் நன்றாகப் போனது. மூன்றாம் பக்கத்தில், "உச்சி வெயிலில் மலர்ந்து சிரித்த முல்லைப் பூக்களைச் செல்லி ஒவ்வொன்றாகப் பறித்தாள்" என்று நான் குரலில் ஏற்ற இறக்கம் கொடுத்து வாசித்தேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"என்ன சிரிப்பு?"

இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள். பெயர் பிளெஸ்ஸி, ஆறாம் வகுப்பு.

"மிஸ், முல்லைய மொட்டாத்தான் பறிப்பாங்க. விடியக்காலம் நாலு மணிக்கே நெத்தியில லைட்ட மாட்டிக்கிட்டுப் போயிருவோம். விரிஞ்ச பூவ கடையில எடுக்க மாட்டாங்க."

"உச்சி வெயில்ல பறிச்சா அந்தப் பிள்ளைக்கு மண்டை காஞ்சுரும்" என்றான் மலையாண்டி.

எனக்குக் காது சூடானது. எனக்குப் பூ என்றால் பூக்காரம்மா முழம் போட்டுத் தருவது. அது செடியில் எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று யார் பார்த்தார்கள்? "இது கற்பனைக் கதை. இதுல ஆடே பேசுது" என்றேன்.

"ஆடு பேசட்டும் மிஸ். அது பரவால்ல" என்று பிளெஸ்ஸி பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தாள். பிறகு கையை நீட்டினாள். "அந்தக் கோழி ஏன் அங்கிட்டுத் திரும்பி நிக்குது?"

"எந்தக் கோழி?"

முப்பத்தெட்டு விரல்கள் போர்டை நோக்கி நீண்டன. படத்தின் மூலையில், முல்லைக்கொடிப் பந்தலுக்குக் கீழே, ஒரு சிவப்புக் கோழி நின்றது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கணினியில் அது மிளகு அளவுக்குத்தான் இருந்திருக்கும். ஏதோ கல் என்று நான் நினைத்திருக்கலாம், அல்லது எதுவுமே நினைக்காமல் இருந்திருக்கலாம்.

"மொதப் பக்கத்துலயும் இருந்துச்சு மிஸ். அதுல நம்மளப் பாத்துச்சு."

முதல் பக்கத்துக்குப் போனோம். இருந்தது. நேராகப் பார்த்தது. இரண்டாவதிலும் நேராகத்தான். மூன்றில் முதுகு. ஆடு பஸ் ஏறும் ஐந்தாம் பக்கத்தில் கோழி கண்டக்டர் தோளில் ஏறி உட்கார்ந்து நேராகப் பார்த்துச் சிரித்தது. பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கதையை விட்டுவிட்டார்கள். "அடுத்த பக்கம், அடுத்த பக்கம்" என்று கோழியைத் தேடத் தொடங்கினார்கள்.

ஏழாம் பக்கம்: செல்லியின் அப்பா தோளில் ஏரைச் சுமந்து வீடு திரும்புகிறார். கோழி முதுகு.

"இவரு ஏன் ஏரத் தூக்கிக்கிட்டு வாராரு? எங்க ஊர்ல நாலு டிராக்டர் இருக்கு" என்றான் ஒருவன். "எங்கப்பா சிங்கப்பூர்ல இருக்காரு" என்றாள் இன்னொருத்தி.

பதினொன்றாம் பக்கம்: பூவைத் தின்ற ஆடு கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்கிறது. கோழி முதுகு.

"ஆடு எதுக்கு மிஸ் மன்னிப்புக் கேக்கணும்? பசிச்சா திங்கத்தானே செய்யும்? கூடைய மூடாம வச்சது அந்தப் பிள்ளதானே?"

பிளெஸ்ஸி சட்டென்று நிமிர்ந்தாள். "டேய், கண்டுபிடிச்சுட்டேன்டா! எங்கெங்க கதை தப்பா இருக்கோ, அங்கெல்லாம் கோழி திரும்பிக்குது!"

நான் பெலிக்ஸைப் பார்த்தேன். அவன் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியா பெலிக்ஸ்?"

"மணி பன்னெண்டரை ஆச்சுக்கா. பிள்ளைகளுக்குச் சாப்பாடு..."

"அப்படியாடா?"

அவன் தலையை ஆட்டினான். "எனக்கு ஒப்பாத பக்கத்துல மட்டும் அப்படிப் போட்டேன்க்கா. சும்மா. யாரும் பாக்க மாட்டாகன்னு நெனச்சேன்."

"வாயத் திறந்து சொல்றதுக்கென்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

அவன் சாக்பீஸைக் கையில் உருட்டினான். பிளெஸ்ஸிதான் கேட்டாள். ரொம்ப அக்கறையாக, ஏதோ வயிற்றுவலியை விசாரிப்பது போலக் கேட்டாள். "மிஸ் திட்டுவாங்கன்னு பயமா சார்?"

பெலிக்ஸ் அவளிடம் மெதுவாகச் சொன்னான். "கொஞ்சம்."

நல்ல வேளையாக மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டு மாதம் என் புத்தகத்துக்குள்ளேயே எனக்கு எதிராக ஒரு கோழியை வளர்த்திருக்கிறான், பாவி. ஃபிளெக்ஸ் கடையிலிருந்து அவனை இழுத்து வந்தவளே நான்தானே?

அப்போது போன் அடித்தது. வெள்ளைச்சாமி அண்ணன். "என்னம்மா, பிள்ளைகளுக்குப் பிடிச்சுதா? அனுப்பிட்டியா?"

"இதோ அண்ணே" என்றேன்.

ஒரு தட்டுதான். தட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். புத்தகத் திருவிழாவில் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு முல்லை மொட்டைப் பற்றித் தெரியும்? மிளகு அளவுக் கோழியை யார் பார்ப்பார்கள்? கையோடு எடுத்து வந்திருந்த கைக்கணினியைத் திறந்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை மூன்றாம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு இறகாக வரைந்திருந்தான். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு நிற்கிற முதுகு. அந்தப் படங்களை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். என் எழுத்து இடம் மாறாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவன் எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் பேச முடியாமல் கோழியாகப் பேசியிருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. கோபத்தில் வந்த அழுகை இல்லை அது.

நான் வகுப்புக்குத் திரும்பியபோது பெலிக்ஸ் தனியாக உட்கார்ந்து, பிள்ளைகளின் நோட்டில் இருந்த மீசைகளைத் திருத்திக்கொண்டிருந்தான். பொன்னுத்தாய் டீச்சர் எங்களுக்கும் இரண்டு தட்டில் சாம்பார் சாதமும் முட்டையும் அனுப்பியிருந்தார். அவன் தொடவில்லை.

"சாப்பிடு மொதல்ல. அப்பறம் அந்தக் கோழியத் திருப்பணும். எவ்வளவு நேரம் ஆகும்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் தன் பையிலிருந்த டேப்லெட்டை எடுத்தான். "படத்துக்கு நேரம் ஆகாதுக்கா. எல்லாத்தையும் சரியாவும் போட்டுத்தான் வச்சிருக்கேன். மறைச்சு வச்சிருக்கேன்." மூன்றாம் பக்கத்தில் ஏதோ ஒரு குறியைத் தட்டினான். உச்சி வெயில் போய் விடியற்காலை வந்தது. செல்லியின் நெற்றியில் விளக்கு எரிந்தது. பந்தல் முழுக்க மொட்டுகள். கோழி எங்களைப் பார்த்து நின்றது.

"அடப்பாவி" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"எழுத்து மட்டும் நீங்க மாத்தணும்க்கா."

ஒன்றரைக்குப் பிள்ளைகள் வந்தார்கள். "கோழி மூணு எடத்துல கோவிச்சுக்கிட்டு நிக்குது. நாலு மணிக்குள்ள சமாதானம் பண்ணணும். யாரெல்லாம் வாரீங்க?" என்று கேட்டேன். வகுப்பே எழுந்து வந்து என்னைச் சுற்றிக்கொண்டது. வேர்வையும் சாம்பாரும் மணந்தது.

எழுதுவது எப்படி என்று காலையில் நான் சொன்ன எதுவும் உதவவில்லை. ஒரு வரி எழுதுவேன், வாசிப்பேன். அவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அடிப்பேன், மறுபடி எழுதுவேன். "நீங்களும் இப்படித் தப்பு தப்பாத்தான் எழுதுவீங்களா மிஸ்?" என்று மலையாண்டி கேட்டான். ஆமாம் என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கட்டுரை நோட்டில் அடித்தல் திருத்தலுக்குத் தினமும் திட்டு வாங்குகிறவனாம். அதற்கப்புறம் அவன் கொட்டாவி விடவே இல்லை.

அப்பாவின் தோளிலிருந்து ஏர் இறங்கியது. அவர் போனில் வீடியோ காலில் வந்தார். பெலிக்ஸ் மறைத்து வைத்திருந்த படம் அதுதான். பதினொன்றாம் பக்கத்தில் ஆடு மன்னிப்புக் கேட்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, மழை வரும் போலிருக்கிறது என்றது. இதற்கு முப்பத்தெட்டு பேரும் கை தட்டினார்கள். கடைசியில் ஆட்டைப் பிரியாணி போட்டுவிடலாம் என்று மலையாண்டி சொன்னதை மட்டும் நான் ஒப்பவில்லை. ஒற்றைக் காலில் நின்று மறுத்தேன். "மிஸ் சொல்றது சரி, பூவு தின்ன ஆடு ருசிக்காது" என்று பிளெஸ்ஸி என் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

மணி மூன்றே முக்கால். "அவ்வளவுதான், அனுப்பிரலாம்" என்றேன்.

"கடைசிப் பக்கம் காட்டலயே மிஸ்?"

காட்டினேன். பதினாறாம் பக்கம். செல்லி காலிக் கூடையோடு வீட்டுக்கு நடந்து போகிறாள். கீழே நீதி: 'ஆகவே குழந்தைகளே, பிறர் பொருளுக்கு ஆசைப்படுவது பாவம் என்பதை உணர்ந்து நடப்போமாக!' இந்தப் புத்தகத்தில் நான் முதலில் எழுதிய வரியே அதுதான். அதை வைத்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

பிள்ளைகள் கோழியைத் தேடினார்கள். மரத்துக்குப் பின்னால் இல்லை. வேலியோரம் இல்லை. பெரிதாக்கினார்கள், நகர்த்தினார்கள்.

"கோழி எங்க சார்?"

பிளெஸ்ஸி போர்டுக்கு அருகில் போய் விரல் வைத்துக் காட்டினாள். மண் பாதையில், செல்லியின் காலுக்குப் பக்கத்தில், சின்னச் சின்னக் கோழிக்கால் தடங்கள். அவை என் நீதியைச் சுற்றிக்கொண்டு போய், பக்கத்தின் ஓரத்தைத் தாண்டி, புத்தகத்தை விட்டே வெளியே போயிருந்தன.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதைவிட, பெலிக்ஸைப் பார்த்தார்கள். நான் கத்தப் போகிறேன் என்று அத்தனை பேரும் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. எனக்கும் தொண்டை வரைக்கும் வந்தது. பெலிக்ஸ் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். மூன்றாம் பக்கத்துக் கோழி அச்சு அசல் அப்படித்தான் நின்றது.

"வெளிய போற அளவுக்கா பிடிக்கல?" என்றேன்.

"ஆமாக்கா" என்றான். குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னான்.

நான் அந்த வரியை முழுதாகக் குறித்து அழித்தேன். வலிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய். வரி இருந்த இடம் வெள்ளையாக நின்றது.

"இப்ப கோழியக் கூப்பிடு."

பெலிக்ஸ் டேப்லெட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினான். "நீங்க போடுங்கக்கா. ஒங்களோட வெள்ளை எடம்தானே."

"எனக்குப் படம் வராதுடா!"

"காலையில சார் சொல்லிக் குடுத்தாங்கள்ல மிஸ்? மொதல்ல ஒரு கோடு போடுங்க" என்றான் மலையாண்டி.

ஒரு கோடு போட்டேன். அது ஹெச்.எம். மீசையாகக்கூட இல்லை. முப்பத்தெட்டு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூக்கு வைத்தேன், கொண்டை வைத்தேன், கால் வைத்தேன். மணி மூன்று ஐம்பத்தைந்து. எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் வால் என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

பிளெஸ்ஸி தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தாள். "நம்மளத்தான் மிஸ் பாக்குது" என்று தீர்ப்புச் சொன்னாள். அனுப்பிவிட்டேன்.

நாலு பத்துக்கு வெள்ளைச்சாமி அண்ணன் கூப்பிட்டார். "கடைசிப் பக்கத்துல அது என்னம்மா, கத்திரிக்காயா?"

"கோழிண்ணே."

"கதையில கோழியே கெடையாதேம்மா?"

"இப்ப இருக்குண்ணே" என்றேன்.

புத்தகத் திருவிழாவில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். கடையில் நின்று, வருகிறவர்கள் எல்லாரிடமும் கோழியைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பந்தயம் வைத்தார்கள். மாடியில் இப்போது டேபிள் ஃபேன் பழைய இரண்டு புத்தகங்கள் மேல்தான் நிற்கிறது. மூன்றாவது அங்கே ஏறவே இல்லை. வெள்ளைச்சாமி அண்ணன் நான்காவதைக் கேட்டார்.

நார்த்தாமலையில் நடக்கிற கதை ஒன்றை எழுதி அனுப்பினேன். இரண்டாம் நாளே பெலிக்ஸ் போன் பண்ணினான். "அக்கா, நாலாம் பக்கம் நல்லா இல்லக்கா. நார்த்தாமலையில அப்படி வழுக்கி விழ மாட்டாங்க. பாறை சொரசொரன்னு இருக்கும்."

நான் கத்தினேன். திருந்திவிட்டேன் என்று யார் சொன்னது? பத்து நிமிடம் கத்தினேன். அவன் போனை வைக்கவில்லை. "முடிச்சுட்டீகளாக்கா? சரி, இப்ப நாலாம் பக்கத்த எடுங்க" என்றான். எடுத்தேன். அவன் சொன்னது சரி. மாற்றிக் கொடுத்தேன்.

போன வாரம் படங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடினேன். பாறை இடுக்கு, கோயில் வாசல், வேலியோரம், ஒரு இடம் விடவில்லை. பொறுக்க முடியாமல் அவனைக் கூப்பிட்டேன்.

"கோழி எங்கடா?"

"அது இனிமே எதுக்குக்கா? நாந்தான் வாயத் திறந்து சொல்லிர்றேனே" என்றான்.